காற்றே இல்லாத இடத்தில் தொலைநோக்கி ஏன் நடுங்குகிறது?

விண்வெளித் தொலைநோக்கிகளின் ஆடிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அவ்வளவு பெரிய ஆடியை ஒரே திசையில் அசையாமல் நிறுத்தி வைப்பது எப்படி என்று கேட்டிருந்தன. ஆடிக்குக் கிடைக்கிற புகழில் பத்தில் ஒரு பங்குகூட அதைத் தாங்கிப் பிடிக்கும் சக்கரங்களுக்கும் உணரிகளுக்கும் கிடைப்பதில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: விண்வெளியில் காற்று இல்லை, நில அதிர்வு இல்லை, பக்கத்துச் சாலையில் லாரி போவதும் இல்லை. அப்படியிருக்கத் தொலைநோக்கி எதனால் ஆடும் என்று என் வகுப்பு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (ஒரு பள்ளி ஆசிரியை)

பதில்: தங்கள் மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். தரையில் இருக்கும் தொலைநோக்கிக்குக் கீழே கான்கிரீட் தூணும், அதற்குக் கீழே பூமியும் இருக்கின்றன. லேசாகத் தட்டினால் அந்த அதிர்வைப் பூமி வாங்கிக்கொள்ளும். விண்வெளியில் மிதக்கும் தொலைநோக்கிக்கு ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை. அதன் மேல் படுகிற சூரிய ஒளிகூட மிக மெல்லியதாக அதைத் தள்ளுகிறது. பூமிக்கு அருகில் சுற்றுவதாக இருந்தால், அதன் ஒரு முனையைப் பூமி சற்று அதிகமாகவும் மறுமுனையைச் சற்றுக் குறைவாகவும் ஈர்ப்பதால் ஒரு திருப்பம் உண்டாகிறது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் எஞ்சியிருக்கும் மிக மெல்லிய காற்றும் உரசுகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைநோக்கியின் உள்ளேயே சுழலும் பாகங்கள் இருக்கின்றன. உள்ளே ஒன்று அசைந்தால் மொத்த உடலும் எதிர்ப்பக்கம் சற்று அசைந்தே தீரும்.

இதற்கு ஹபிள் தொலைநோக்கியின் தொடக்க காலத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1990 ஏப்ரலில் அது ஏவப்பட்டபோது, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் தயாரித்துக் கொடுத்த இரண்டு சூரியத் தகடுகள் அதன் இரு பக்கங்களிலும் சிறகுபோல விரிந்திருந்தன. ஹபிள் ஏறத்தாழ 95 நிமிடங்களுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை இருளிலிருந்து வெயிலுக்கும், ஒரு முறை வெயிலிலிருந்து இருளுக்கும் போகிறது. வெயில் பட்டதும் தகடுகளைத் தாங்கிய சட்டங்கள் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் விரிந்து, வளைந்து, உதறின. தகர ஓடு வேய்ந்த வீட்டில் மத்தியான வெயிலில் கூரை படீரென்று ஒலி எழுப்புவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். அந்த உதறலில் பதினோரு டன் எடையுள்ள தொலைநோக்கியே நடுங்கியது. ஹபிளின் முதன்மை ஆடி தவறான வடிவில் தேய்க்கப்பட்டிருந்த செய்தி உலகம் முழுவதும் பேசப்பட்டதால், இந்த நடுக்கத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று பார்வைக் குறையைச் சரிசெய்த அதே பயணத்தில் அந்தத் தகடுகளையும் மாற்றினார்கள்.

கேள்வி: பிடிமானமே இல்லாத இடத்தில் எதைத் தள்ளி ஒரு தொலைநோக்கி திரும்புகிறது? எந்த அளவுக்கு அசையாமல் நிற்க வேண்டும்? (பொறியியல் கல்லூரி மாணவர்)

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நம் பஞ்சாங்கக் கணிதத்தில் பாகை, கலை, விகலை என்ற அளவுகள் உண்டு. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. ஆக ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு. 2.4 மீட்டர் ஆடி கொண்ட ஹபிள், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறத்தாழ 0.05 விகலை வரை நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க வல்லது. படம் எடுக்கும் நேரத்தில் தொலைநோக்கி அதைவிட அதிகமாக ஆடினால் அவ்வளவு நல்ல ஆடி இருந்தும் பயனில்லை. அதனால் ஹபிளின் ஆட்டம் 0.007 விகலைக்குள் இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். மெல்லிய தலைமுடி ஒன்றை ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் நிறுத்திவைத்தால் அதன் தடிமன் நமக்கு எவ்வளவு கோணத்தில் தெரியுமோ, ஏறத்தாழ அவ்வளவுதான் இது. 2003 செப்டம்பருக்கும் 2004 ஜனவரிக்கும் இடையில் வானத்தின் ஒரு சிறு துண்டை மட்டும் 800 முறை படமெடுத்து, மொத்தம் 11 நாள்களுக்கும் மேலான ஒளியைச் சேர்த்து, அதில் ஏறத்தாழ 10,000 விண்மீன் மண்டலங்களை ஹபிள் காட்டியது இந்த அசையாமையால்தான்.

இனி, திரும்புவது எப்படி என்பது. சுழல் நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து, இரண்டு கால்களையும் தூக்கிக்கொள்ளச் சொல்லி, கையில் ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கிடையாகப் பிடிக்கக் கொடுங்கள். அவர் சக்கரத்தை வலப்பக்கம் சுழற்றினால் நாற்காலி இடப்பக்கம் திரும்பும்; சக்கரத்தை நிறுத்தினால் நாற்காலியும் நின்றுவிடும். ஹபிளுக்குள் இப்படி ஒவ்வொன்றும் 45 கிலோ எடையுள்ள நான்கு எதிர்வினைச் சக்கரங்கள் வெவ்வேறு சாய்வில் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் தொலைநோக்கி எந்தத் திசைக்கும் திரும்பும். அது திரும்பும் வேகம் கடிகாரத்தின் நிமிட முள்ளின் வேகம்தான். 90 பாகை திரும்ப ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும்.

சக்கரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வெளியிலிருந்து ஒரே பக்கமாகத் தொடர்ந்து வரும் தள்ளலை ஈடுகட்ட ஈடுகட்டச் சக்கரத்தின் வேகம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அதற்கு மேல் ஏற முடியாமல் நின்றுவிடும். பல விண்கலங்களில் சிறு உந்துபொறிகளை இயக்கி அந்தச் சேமிப்பைக் கரைத்துவிடுவார்கள். ஹபிளில் உந்துபொறியே கிடையாது. வெளியேறும் வாயு ஆடியில் படிந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்தார்கள். அதற்குப் பதிலாக நீண்ட மின்காந்தத் தண்டுகளில் மின்சாரம் பாய்ச்சி, பூமியின் காந்தப் புலத்தையே பிடிமானமாகக் கொண்டு சக்கரங்களின் வேகத்தைக் குறைக்கிறார்கள். பிடிமானம் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். பூமிக்கு அருகில் இருக்கும் வரை இந்த ஒன்று உண்டு.

சக்கரம் கை என்றால், அதற்குக் கண்ணும் வேண்டும். எவ்வளவு திரும்புகிறோம் என்பதை கைரோஸ்கோப்புகள் நொடிக்கு நொடி சொல்கின்றன. ஆனால் கைரோஸ்கோப்பின் கணக்கில் சிறுகச் சிறுகப் பிழை சேரும். அதைத் திருத்துவதற்கு, பார்க்க வேண்டிய பொருளுக்கு அருகில் இருக்கும் வழிகாட்டி விண்மீன்களை நுண்வழிகாட்டு உணரிகள் பற்றிக்கொள்கின்றன. விண்மீன் மயிரிழை நகர்ந்தாலும் சக்கரங்களுக்கு ஆணை போகிறது. வானத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வழிகாட்டி வேண்டுமே என்பதற்காக, ஏவுவதற்கு முன்பே ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து ஒரு பட்டியல் தயாரித்தார்கள்.

கேள்வி: ஹபிளின் கைரோஸ்கோப் பழுது என்று பல முறை செய்தி படித்துவிட்டேன். எத்தனையோ கோடி செலவிட்டவர்கள் அந்த ஒரு பாகத்தை மட்டும் நன்றாகச் செய்யக் கூடாதா? மோட்டார் பழுது பார்ப்பவன் என்பதால் கேட்கிறேன். (ஒரு வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் பட்டறைக்கு அது வந்திருந்தால் நீங்கள் அதை வியந்து பார்த்திருப்பீர்கள். அதன் உள்ளே ஒரு சிறு சக்கரம் நிமிடத்துக்கு 19,200 முறை சுழல்கிறது. அது உலோகக் குண்டுகள் கொண்ட பேரிங்கில் சுழல்வதில்லை. உராய்வும் அதிர்வும் கூடாது என்பதற்காக வாயுப் படலத்தின் மேல் சுழல்கிறது. அந்தச் சக்கரம் காற்றுப் புகாத ஓர் உருளைக்குள் இருக்கிறது. அந்த உருளையோ, வண்டி எஞ்சின் ஆயிலைப் போன்ற கெட்டியான ஒரு திரவத்தில் மிதக்கிறது. மிதக்கும் உருளைக்கு மின்சாரம் கொண்டுபோக வேண்டும். ஆனால் கொண்டுபோகும் கம்பி அதன் அசைவைச் சிறிதும் தடுக்கக் கூடாது. அதனால் தலைமுடியைவிட மெல்லிய உலோகக் கம்பிகளை அந்தத் திரவத்தின் ஊடே செலுத்தினார்கள்.

பழுது வந்தது அந்தக் கம்பிகளில்தான். கெட்டியான திரவத்தை உருளையைச் சுற்றிய இடுக்குக்குள் செலுத்தத் தொழிற்கூடத்தில் அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். காற்றிலிருந்த ஆக்சிஜன் திரவத்தோடு கலந்து, பல ஆண்டுகளில் கம்பியை அரித்து அறுத்துவிட்டது. காரணம் தெரிந்த பிறகு காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனைக் கொண்டு நிரப்பினார்கள். பின்னாளில் கம்பிகளுக்குப் பூச்சு கொடுத்த புதிய வகையையும் செய்தார்கள். செய்தவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடினால்தான் வெளியே தெரியும் குறைகள் உண்டு என்பது தொழில் செய்யும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஹபிளில் ஆறு கைரோஸ்கோப்புகள் இருந்தன; மூன்று வேலை செய்தால் போதும். 1999 நவம்பர் 13 அன்று நான்காவதும் செயலிழந்தது. எஞ்சிய இரண்டை வைத்து அந்நாளில் வானத்தைப் பார்க்க முடியாது என்பதால், தொலைநோக்கி தானாகவே பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது. அடுத்த மாதமே டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் வீரர்கள் சென்று ஆறையும் மாற்றினார்கள். 2009 மே மாதம் கடைசிப் பராமரிப்புப் பயணத்தில் மறுபடியும் ஆறும் மாற்றப்பட்டன. அதன் பிறகு அங்கே போக ஓடம் இல்லை. 2024 ஜூன் முதல் ஒரே ஒரு கைரோஸ்கோப்பைப் பயன்படுத்தியும் இன்னொன்றை இருப்பில் வைத்தும் ஹபிள் இயங்குகிறது. எஞ்சிய தகவலைக் காந்தமானியும் சூரிய உணரியும் விண்மீன் நோக்கிகளும் தருகின்றன. குறி வைக்கக் கூடுதல் நேரம் ஆகிறது. செவ்வாயைவிட நமக்கு அருகில் நகரும் பொருள்களைத் தொடர முடிவதில்லை. ஆனால் எடுக்கும் படத்தின் கூர்மை குறையவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் ஓடிய ஒரு பொறி இவ்வளவு குறைந்த துணையோடு அதே கூர்மையில் படம் எடுப்பது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்ப்பைத் தருகிறது.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் இந்தத் தொல்லையே வராதபடி, சுழலும் பாகம் இல்லாத கைரோஸ்கோப்பை வைத்திருக்கிறார்கள். கிண்ணம் போன்ற ஒரு குவார்ட்ஸ் அரைக்கோளம் அதிர்ந்துகொண்டே இருக்கும்; விண்கலம் திரும்பினால் அந்த அதிர்வின் கோலம் இடம் மாறும். அதை அளந்தால் போதும். தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை.

கேள்வி: கெப்ளர் தொலைநோக்கி பழுதானபோது சூரிய வெளிச்சத்தைக் கொண்டு அதைச் சரிசெய்தார்கள் என்று என் பேத்தி சொல்கிறாள். நம்பலாமா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பதில்: தாராளமாக நம்பலாம் அம்மா. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதையும் அதுதான்.

கெப்ளர் 2009 மார்ச் மாதம் ஏவப்பட்டது. அன்னம், யாழ் ஆகிய விண்மீன் கூட்டங்கள் இருக்கும் ஒரே திசையில், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு விண்மீனின் முன்னால் அதன் கோள் கடந்துபோகும்போது வெளிச்சம் மிகச் சிறிதளவு மங்கும். சூரியனைப் போன்ற விண்மீன் முன்னால் பூமியைப் போன்ற கோள் கடந்தால் மங்குவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விண்மீனின் பிம்பம் கேமராவில் ஒரு படப்புள்ளியிலிருந்து அடுத்ததற்கு நழுவினாலே அதைவிடப் பெரிய மாற்றம் உண்டாகிவிடும். கோள் கடந்ததா, தொலைநோக்கி நழுவியதா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே அசையாமை என்பது கெப்ளருக்கு உயிர்நாடி.

நான்கு எதிர்வினைச் சக்கரங்களில் ஒன்று 2012 ஜூலையில் நின்றது. மூன்று இருந்தால் போதும் என்பதால் பணி தொடர்ந்தது. 2013 மே மாதம் இன்னொன்றும் நின்றது. மூன்று அச்சுகளில் பிடித்து நிறுத்த இரண்டு சக்கரங்களால் முடியாது. கெப்ளர் பூமியைச் சுற்றாமல், பூமிக்குப் பின்னால் சூரியனைச் சுற்றி வந்தது; எனவே பழுது பார்க்க ஆள் போகவும் வழியில்லை, ஹபிளைப் போலப் பூமியின் காந்தத்தைப் பற்றிக்கொள்ளவும் வழியில்லை. அந்த ஆகஸ்டில், பழைய நிலைக்குக் கொண்டுவரும் முயற்சியைக் கைவிடுவதாக நாசா அறிவித்தது. இரண்டு சக்கரங்களை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று அறிவியலாளர்களிடம் யோசனையும் கேட்டது.

வந்த யோசனை இதுதான். கெப்ளரின் சூரியத் தகடுகள் கூரையின் இரண்டு சரிவுகள்போல ஒரு முகட்டின் இரு பக்கமும் அமைந்திருந்தன. முகட்டை நேராகச் சூரியனுக்குக் காட்டி நிறுத்தினால் இரண்டு பக்கமும் ஒளி ஒரே அளவில் அழுத்தும்; தொலைநோக்கி எந்தப் பக்கமும் உருளாது. மற்ற இரண்டு அச்சுகளை மீதமிருக்கும் சக்கரங்கள் பார்த்துக்கொள்ளும். விரல் நுனியில் கம்பை நிறுத்துவது போன்ற சமநிலை இது. மெல்ல மெல்லச் சாயத்தான் செய்யும். அதனால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறு உந்துபொறியைத் தட்டிவிட்டு நிமிர்த்தினார்கள். இந்தச் சமநிலை தன் சுற்றுப்பாதையின் தளத்தில் பார்க்கும்போது மட்டுமே கிட்டும் என்பதால், பழைய அன்னத்தையும் யாழையும் விட்டுவிட்டு, மேஷம் முதல் மீனம் வரையிலான ராசி மண்டலப் பாதையில் ஒவ்வோர் இடமாக, ஓரிடத்தில் 80 நாள் அளவில் பார்க்கத் தொடங்கியது. 2014இல் தொடங்கிய இந்தப் பணிக்குக் கே2 என்று பெயர். டிராப்பிஸ்ட்-1 என்ற சிறு விண்மீனைச் சுற்றும் ஏழாவது கோள் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 19 நாள் எடுத்துக்கொள்கிறது என்பது கே2 பதிவுகளிலிருந்தே உறுதியானது. எரிபொருள் தீர்ந்து, 2018 அக்டோபர் 30 அன்று கெப்ளரின் ஓய்வு அறிவிக்கப்பட்டபோது, அது கண்டறிய உதவிய கோள்களின் எண்ணிக்கை 2,600ஐத் தாண்டியிருந்தது.

முன்பு எந்த ஒளி தொலைநோக்கியைத் தள்ளிக் கெடுத்துக்கொண்டிருந்ததோ, அதே ஒளியை மூன்றாவது சக்கரமாக ஆக்கிக்கொண்டார்கள். பேத்தியிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜேம்ஸ் வெப்பின் வெயில்மறைப்பு பாய்மரம்போலக் காற்று வாங்காதா? (பத்தாம் வகுப்பு மாணவர்)

பதில்: காற்று இல்லை, ஆனால் ஒளியை வாங்கும். 21 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் உள்ள பரப்பு அது. அந்த ஒளியழுத்தத்தின் ஒரு பகுதியைச் சமன்செய்வதற்கென்றே மறைப்பின் பின்புறத்தில் ஒரு தனி மடல் விரிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சியதைச் சக்கரங்கள் ஏற்று, அவ்வப்போது உந்துபொறிகள் மூலம் இறக்கிவைக்கின்றன. நுண்ணிய நடுக்கத்துக்கு வேறு ஏற்பாடு: கனடா நாட்டு உணரி வழிகாட்டி விண்மீனை ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 16 முறை அளக்க, அதற்கேற்ப ஒரு சிறு ஆடி சாய்ந்து பிம்பத்தை இடம்பெயராமல் பிடிக்கிறது. மொத்தத் தொலைநோக்கியையும் அசைப்பதைவிட ஒரு சிறு ஆடியை அசைப்பது எளிது அல்லவா?

கேள்வி: குறி தவறியதால் ஒரு தொலைநோக்கியே அழிந்தது உண்டா? (ஒரு வாசகி)

பதில்: உண்டு. ஜப்பானின் ஹிட்டோமி என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 2016 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்டது. மார்ச் 26 அன்று, ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்குத் திரும்பிய பிறகு, அது அசையாமல்தான் நின்றது. ஆனால் அதன் சுழற்சி உணரி அமைப்பு, மணிக்கு 21.7 பாகை வேகத்தில் சுழல்கிறோம் என்று தவறாகக் கணித்தது. விண்மீன்களைப் பார்த்து அந்தப் பிழையைத் திருத்தும் வழியும் அப்போது கைகொடுக்கவில்லை. இல்லாத சுழற்சியை நிறுத்தச் சக்கரங்கள் முயன்றன; அதனால் உண்மையிலேயே சுழற்சி தொடங்கியது. ஆபத்தை உணர்ந்த கணினி, கடைசிக் காப்பாக உந்துபொறிகளை இயக்கியது. அவற்றுக்குச் சில வாரங்களுக்கு முன் அனுப்பப்பட்டிருந்த அளவுகள் தவறானவை; சுழற்சி நிற்பதற்குப் பதிலாக வேகமெடுத்தது. சூரியத் தகடுகள் பிய்ந்து பறந்தன. ஏப்ரல் 28 அன்று மீட்பு முயற்சி கைவிடப்பட்டது.

இதை எழுதும்போது மனம் கனக்கிறது. அந்தச் சில வாரங்களுக்குள் பெர்சியஸ் விண்மீன் மண்டலக் கொத்தை ஹிட்டோமி பார்த்திருந்தது. அங்கே உள்ள பல கோடி பாகை வெப்ப வாயு எதிர்பார்த்ததைவிட அமைதியாக இருக்கிறது என்ற கண்டுபிடிப்பு அந்த ஒரு பார்வையில் கிடைத்தது. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட கிரிஸ்ம் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, ஹிட்டோமி விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்கிறது.

எல்லாப் பிழையும் இப்படி முடிவதில்லை. 2023 ஜூலையில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்ளிட் தொலைநோக்கி, முதல் சில மாதங்களில் விண்மீன்களைப் புள்ளியாகக் காட்டாமல் சிக்குக் கோலத்தின் கம்பிபோல வளைவு வளைவாகக் காட்டியது. காஸ்மிக் கதிர்த் துகள்கள் வழிகாட்டு உணரியில் பட்டு உண்டாக்கிய புள்ளிகளையும் அது விண்மீன் என்று எண்ணி, உண்மையான வழிகாட்டியை அவ்வப்போது தவறவிட்டதே காரணம். மென்பொருளை மாற்றி அனுப்பியதும், அக்டோபருக்குள் விண்மீன்கள் புள்ளிகளாகிவிட்டன.

கேள்வி: நம் நாட்டுத் தொலைநோக்கி இவ்வளவு நுட்பமாகக் குறி வைக்குமா? (கல்லூரி மாணவி)

பதில்: 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. கொண்டு சென்ற அஸ்ட்ரோசாட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். ஹபிள் அளவுக்கு அசையாமல் நிற்கும்படி அது வடிவமைக்கப்படவில்லை. படம் எடுக்கும் நேரத்தில் அதன் நோக்கு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஆயினும் அதிலுள்ள புறஊதாத் தொலைநோக்கி ஒன்றரை விகலை அளவுக்கு நுணுக்கமான படங்களைத் தருகிறது.

அது செய்வது இது. படத்தை நீண்ட நேரம் திறந்து வைப்பதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 29 சட்டங்களாக, அதாவது தனித்தனிப் படங்களாக எடுத்து, ஒவ்வோர் ஒளித்துகளும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் விழுந்தது என்று தனித்தனியே குறித்துவைக்கிறது. அதே நேரத்தில், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்க்கும் பக்கத்துக் கேமரா பிரகாசமான விண்மீன்களைத் தொடர்ந்து, தொலைநோக்கி எப்போது எவ்வளவு நகர்ந்தது என்று பதிகிறது. தரைக்கு வந்த பிறகு, கணினியில் ஒவ்வொரு சட்டத்தையும் அந்த நகர்வுக்கு ஈடாக எதிர்ப்பக்கம் தள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள்.

ஹபிள் 11 நாள் ஒளியைச் சேர்த்தது என்று மேலே சொன்னேனே, அந்த வானத் துண்டை 2016 அக்டோபரில் அஸ்ட்ரோசாட்டும் 28 மணி நேரத்துக்கு மேல் பார்த்தது. அதில் 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த கடும் புறஊதா ஒளி பதிவாகியிருந்தது. பதிவு கிடைத்ததும் அதை அறிவித்துவிடவில்லை. அது அந்த விண்மீன் மண்டலத்திலிருந்துதான் வந்தது என்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சரிபார்த்து, 2020 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். ஹபிளின் உணரியில் பின்னணி இரைச்சலுக்குள் மறைந்துபோகக்கூடிய அந்த ஒளி, நகர்ந்துகொண்டே இருந்த ஒரு சிறிய தொலைநோக்கியின் சட்டங்களை ஒவ்வொன்றாக நேர்ப்படுத்தி அடுக்கிய இடத்தில் தெரிந்தது.